மடங்காத சைக்கிளைச் சுருக்குதல்

யாழ்ப்பாணத்துத் தெருக்களில் இன்னமும் ஓடும் 28 அங்குலச் சைக்கிளைச் சுவரில் சாத்தி அளந்தால், முன் ரயரின் நுனியிலிருந்து பின் மட்கார்ட்டின் நுனிவரை ஏறக்குறைய 185 சென்ரிமீற்றர் வரும். நிலத்திலிருந்து ஹாண்டில்வரை 105, ஹாண்டிலின் அகலம் 60. மூன்றையும் பெருக்கினால் 1.17 கனமீற்றர். ஆனால் அந்த இடத்தின் பெரும்பகுதி வெறும் வெளிதான். சைக்கிளின் உருக்குப் பாகங்களை மட்டும் உருக்கி ஊற்றினால் மூன்று லீற்றர்கூடத் தேறாது. பஸ்ஸிலோ ரயிலிலோ சைக்கிளை ஏற்றுவதில் உள்ள சிக்கல் பாரத்தைவிட இந்த வெளியைப் பற்றியது. மடிக்கும் சைக்கிள் அதைக் கீல்களால் தீர்க்கிறது. கீல் இல்லாத சாதாரண சைக்கிளில், எந்தப் பாகம் எந்தத் திசையில் இடம் பிடிக்கிறது என்று பார்த்து அதை மட்டும் கழற்றவோ திருப்பவோ வேண்டும்.

யாழ். குடாநாட்டில் இந்தக் கேள்வி எழுவதற்கு நிலமும் காற்றும் காரணம். சுண்ணாம்புக்கல் மேல் படிந்த தட்டை நிலம் இது. ஏற்றம் இறக்கம் இல்லாததால் கியர் இல்லாத சைக்கிளிலேயே எவரும் நெடுந்தூரம் மிதிக்கலாம். நகரிலிருந்து காங்கேசன்துறை 20 கிலோமீற்றருக்குள், பருத்தித்துறை 33 கிலோமீற்றர் அளவில், குறிகட்டுவான் இறங்குதுறை 30க்கு மேல். ஒருவழிப் பயணமாக இவை எல்லாம் சைக்கிளுக்கு எட்டும் தூரங்கள். மலை இல்லாத இந்த ஊரில் மலையின் வேலையைக் காற்று செய்கிறது. வைகாசி தொடங்கிப் புரட்டாதிவரை வீசும் சோளகம் தென்மேற்கிலிருந்து வருவதால், பண்ணைப் பாலத்தைக் கடந்து வேலணை, புங்குடுதீவுப் பக்கம் போகிறவருக்கு அது நேரெதிர்க் காற்று. மாரியில் வாடை திசை மாறி வீச, பருத்தித்துறைக்குப் போகிறவர் வல்லை வெளியில் அதே பாட்டை அனுபவிப்பார்.

எதிர்க்காற்றின் தடை, காற்றுக்கும் சைக்கிளோட்டிக்கும் இடையிலான சார்பு வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். காற்றில்லாத நாளில் மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் போகிறவர், 25 கிலோமீற்றர் வேகக் காற்றுக்கு எதிராக அதே வேகத்தைப் பிடிக்க முயன்றால் சார்பு வேகம் 40 ஆகிறது. காற்றுத் தடை ஏழு மடங்காகிவிடும். அதே காற்று திரும்பும் வழியில் முதுகைத் தள்ளும். ஆகவே போகும்போது பஸ், வரும்போது சைக்கிள் என்ற ஏற்பாடு சோம்பலால் வருவதல்ல, கணக்கால் வருவது. நெடுந்தீவுக்குப் போகிறவருக்கு இன்னொரு தேவையும் உண்டு. இறங்குதுறையிலிருந்து தீவின் மறுகோடிவரை போய்வர அங்கும் சைக்கிள் வேண்டும்.

முன்னாளில் சைக்கிளை வாகனத்தில் ஏற்ற எவரும் ஸ்பனர் எடுக்கவில்லை. இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பழைய பஸ்களின் கூரையில் சாமான் ஏற்றும் கரியரும் பின்புறத்தில் ஏணியும் இருந்தன. வாழைக்குலை, புகையிலைச் சிப்பம், மீன்கூடை ஆகியவற்றோடு சைக்கிளும் மேலே ஏறியது. 1902இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையில் ஓடத் தொடங்கி 1905இல் கொழும்புவரை இணைந்த வடபகுதி ரயில்பாதையில், சைக்கிள் பொதியாகப் பதியப்பட்டுக் கார்ட் பெட்டியில் பயணம் செய்தது. 1990 ஜூனில் ரயில் நின்று ஏ9 வீதியும் மூடப்பட்ட பின், கொம்படி, ஊரியான் ஊடாகவும் பிறகு கிளாலிக் கடல்நீரேரி ஊடாகவும் குடாநாட்டைவிட்டு வெளியேறியவர்கள் சைக்கிளையும் கூடவே கொண்டுபோனார்கள். வள்ளத்தில் ஏற்றும்போது அது முழுதாகவே ஏறியது. கரையில் இறங்கியதும் மிதிக்க வேண்டும் என்பதால் கழற்றிப் பூட்ட அவகாசம் இருக்கவில்லை.

நிலைமை மாறியது வாகனத்தின் வடிவம் மாறியபோதுதான். இன்று உள்ளூர் வழிகளில் ஓடும் மினிபஸ்ஸுக்கும் ஹையேஸ் வானுக்கும் கூரைக் கரியர் அரிது. கொழும்புக்குப் போகும் சொகுசு பஸ்களில் சாமான் எல்லாம் தரைக்குக் கீழுள்ள டிக்கிக்குள் போகிறது. 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் ரயில் திரும்பி வந்தது. இப்போது ஓடும் டீசல் தொடர்வண்டிகளில் சாமான் வைக்க இருக்கும் இடம் பழைய கார்ட் பெட்டியைப்போல் தாராளமானதல்ல. 2022இன் எரிபொருள் தட்டுப்பாட்டில் மூலையில் கிடந்த சைக்கிள்கள் எல்லாம் தூசு தட்டப்பட்டு வீதிக்கு வந்தன. அவற்றைத் தூரப் பயணத்தோடு இணைக்கும் வழி மட்டும் பழைய நாளில் இருந்ததைவிட ஒடுங்கிப் போயிருந்தது.

சைக்கிளின் மூன்று அளவுகளும் மூன்று வேறு பாகங்களால் வருகின்றன. அகலத்தை ஹாண்டிலும் பெடல்களும் தீர்மானிக்கின்றன. நீளத்தைச் சில்லுகள் தீர்மானிக்கின்றன. உயரத்தை ஹாண்டிலும் சீற்றும் பங்கிட்டுக்கொள்கின்றன. சட்டகத்தின் குழாய்கள் மூன்று சென்ரிமீற்றர் தடிப்புத்தான். அவற்றுக்கு இதில் பெரிய பங்கில்லை. சில்லைக் கழற்றினால் சைக்கிள் சிறிதாகிவிடும் என்றுதான் எவரும் முதலில் நினைப்பார். கணக்கு வேறு விதமாகச் சொல்கிறது.

முதற் படியாக ஹாண்டிலை 90 பாகை திருப்பிச் சட்டகத்தோடு ஒரே கோட்டில் நிறுத்தி, பெடல்கள் இரண்டையும் கழற்றினால், 60 சென்ரிமீற்றர் அகலம் 25க்குக் குறைகிறது. சில்லு எதையும் தொடவில்லை, நீளமும் உயரமும் அப்படியே இருக்கின்றன. ஆயினும் 1.17 கனமீற்றர் 0.49க்கு வந்துவிடுகிறது, அதாவது பாதிக்கும் குறைவு. அதற்குமேல் முன் சில்லைக் கழற்றிச் சட்டகத்தின் பக்கத்தில் கட்டினால் நீளம் 150க்கு இறங்கும். ஆனால் சில்லின் ஹப் பக்கவாட்டில் நீட்டி நிற்பதால் தடிப்பு 35 ஆகும். கொள்ளளவு 0.5க்கு மேலே போய்விடுகிறது. முன் சில்லைக் கழற்றுவது இடத்தை மிச்சம் பிடிப்பதில்லை. நீளத்தைத் தடிப்பாக மாற்றிக் கொடுக்கிறது, அவ்வளவே. இரண்டு சில்லும் கழன்ற பிறகுதான் அடுத்த பெரிய இறக்கம் வருகிறது: 110, 75, 35 என்ற அளவில் 0.29 கனமீற்றர். முதற் படிக்கும் கடைசிப் படிக்கும் நடுவே நிற்பதால் வரும் பயன், வாகனம் நீளத்தில் குறுகியதாக இருக்கும்போது மட்டுமே.

முதற் படிக்கு இரண்டு ஸ்பனர் போதும். பழைய வகை ஹாண்டிலின் கழுத்து, முன் போர்க்கின் குழாய்க்குள் இறங்கி நிற்கும். அதன் அடியில் ஆப்பு வடிவ நட் ஒன்று நீண்ட போல்ட்டால் மேலே இழுக்கப்பட்டுக் குழாயின் சுவரை இறுக்குகிறது. மேலுள்ள போல்ட்டை மூன்று நான்கு சுற்றுத் தளர்த்தினாலும் ஹாண்டில் அசையாது. ஆப்பு இறுகியே நிற்கும். போல்ட்டின் தலையில் மரக்கட்டை ஒன்றை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் ஆப்பு கீழே விழுந்து ஹாண்டில் விடுபடும். உப்புக்காற்றில் பல ஆண்டுகள் நின்ற சைக்கிளில் இது முதல் தடவை எளிதாக நடக்காது. ஒருமுறை கழற்றிக் கிறீஸ் பூசிவிட்டால் பிறகு தொல்லையில்லை. அண்மைக்கால மலைச் சைக்கிள்களில் கழுத்துப் போர்க்கின் குழாயை வெளியிலிருந்து கவ்விப் பிடிக்கிறது. பக்கத்திலுள்ள இரண்டு போல்ட்டுகளையும் அலன் சாவியால் தளர்த்தினால் ஹாண்டில் தானாகத் திரும்பும். உச்சியிலுள்ள மூடியின் போல்ட்டைத் தொடக்கூடாது. போர்க்கின் பெயாரிங்குகளின் இறுக்கத்தை வைத்திருப்பது அதுதான்.

கம்பிப் பிறேக் கொண்ட றலி, ஹம்பர் வகைச் சைக்கிள்களில் ஹாண்டிலைத் தனியே திருப்ப முடியாது. பிறேக் பிடியிலிருந்து முன் சில்லுக்கு இறங்கும் உருக்குக் கம்பி ஹாண்டிலையும் போர்க்கையும் பிணைத்துவிடுகிறது. பின் பிறேக்கின் கம்பியும் தலைக்குழாய் அருகில் மூட்டு வைத்துச் சட்டகத்தோடு ஓடுகிறது. இந்த வகைக்கு வழி வேறு. முன் சில்லைக் கழற்றிய பிறகு போர்க்கையும் ஹாண்டிலையும் சேர்த்தே, கம்பிகள் வளையாத அளவுக்கு, திருப்ப வேண்டும். கேபிள் பிறேக் பூட்டிய லுமாலா முதலிய சைக்கிள்களில் இந்தச் சிக்கல் இல்லை. கேபிளின் நீளம் மட்டும் போதுமா என்று பார்த்தால் சரி.

பெடலைக் கழற்றும் இடத்தில்தான் புதியவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுகிறார்கள். வலது பெடலின் புரி வழமையான வலப்புரி, இடது பெடலின் புரி இடப்புரி. இடது பெடலையும் வழமைபோல் இடப்பக்கம் சுற்றினால் அது கழராது, மேலும் இறுகும். ஸ்பனரைப் பெடல் அச்சிலிருந்து செங்குத்தாக மேல்நோக்கிப் பிடித்து, இரு பக்கமும் சைக்கிளின் பின்புறம் நோக்கித் தள்ளினால் இரண்டும் கழலும் என்பது நினைவில் நிற்கக்கூடிய விதி. புரிகள் இப்படி எதிரெதிராக இருப்பதற்குக் காரணம் நுட்பமானது. பெடல் அச்சுக்கும் கிராங்கின் துளைக்கும் இடையில் மயிரிழை அளவு இடைவெளி எப்போதும் உண்டு. மிதிக்கும் பாரம் நிலத்தை நோக்கியே அழுத்த, கிராங்க் சுற்றிக்கொண்டிருக்கிறது. எனவே கிராங்கின் பார்வையில் அந்தப் பாரம் எதிர்த் திசையில் சுற்றிவருகிறது. அச்சு துளையின் உட்சுவரில் மெல்ல மெல்ல உருள்கிறது, உருளும் திசை கிராங்க் சுற்றும் திசையாக அமைகிறது. வலப்பக்கத்தில் வலப்புரியும் இடப்பக்கத்தில் இடப்புரியும் இருந்தால் இந்த உருளல் பெடலை இறுக்கும், மாறியிருந்தால் கழற்றிவிடும். பெயாரிங் உராய்வு இதற்கு எதிர்ப்பக்கம்தான் இழுக்கிறது, ஆனால் அதன் வலு குறைவு. ஆகாயவிமானம் செய்வதற்கு முன் சைக்கிள் கடை நடத்திய ரைட் சகோதரர்கள் 1900இல் தங்கள் சைக்கிள்களில் இந்த முறையைக் கையாண்டார்கள்.

இரண்டாம் படி முன் சில்லு. விளையாட்டுச் சைக்கிள்களில் அச்சின் ஒரு முனையில் சிறு நெம்புகோல் இருக்கும். அதை மடக்கித் திறந்தால் சில்லு விழுந்துவிடும். 1930களில் இத்தாலியரான துல்லியோ கம்பன்யோலோ பரப்பிய இந்த ஏற்பாடு பந்தயக்காரருக்காகப் பிறந்தது. சாதாரண சைக்கிளில் நட் இரண்டையும் ஸ்பனரால் தளர்த்த வேண்டும். கம்பிப் பிறேக் சைக்கிளில் அது மட்டும் போதாது. பிறேக் கட்டைகள் றிம்மின் உட்புறத்தில், கம்பிகளின் இரு பக்கமும் நிற்பதால், சில்லு கீழே இறங்கும்போது றிம் அவற்றில் மாட்டிக்கொள்ளும். கட்டைகளைத் தாங்கும் இலாட வடிவக் கம்பியைத் தளர்த்தி ஒதுக்கிய பிறகே சில்லு வெளியே வரும். கேபிள் பிறேக்கில் கேபிளை விடுவித்தால் கட்டைகள் விரியும். அப்போதும் ரயர் தடுத்தால் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிடலாம். முழுதாக இறக்கத் தேவையில்லை. போய் இறங்கும் இடத்தில் பம் கிடைக்குமா என்பதையும் யோசிக்க வேண்டும்.

மூன்றாம் படி பின் சில்லு. இங்கேதான் ஊர்ச் சைக்கிள் தன் முழுப் பிடிவாதத்தையும் காட்டும். அதன் பின் அச்சின் நட்டில் சில்லு மட்டும் தொங்கவில்லை. மட்கார்ட்டின் கம்பிகள், கரியரின் கால்கள், ஸ்ராண்ட், செயின் மூடியின் பிடி எல்லாம் அதே அச்சில் ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டப்பட்டிருக்கின்றன. அச்சைத் தாங்கும் பிளவும் பெரும்பாலும் பின்னோக்கித் திறந்தது. சில்லைப் பின்னால் இழுத்தால் மட்கார்ட் மறிக்கும். எல்லாவற்றையும் வென்று சில்லைக் கழற்றினாலும், அரைவட்ட மட்கார்ட் அச்சுக்குப் பின்னால் 35 சென்ரிமீற்றருக்கு மேல் நீட்டிக்கொண்டே நிற்கும். அதைக் கழற்றாமல் 110 என்ற நீளம் கிடைக்காது. கை பழகியவருக்கும் அரைமணி நேர வேலை இது; திரும்பப் பூட்ட அதைவிட அதிகம் எடுக்கும். பஸ் தரிப்பிடத்தில் செய்யக்கூடிய காரியமல்ல. ஊர்ச் சைக்கிளை முதற் படியோடு நிறுத்துவதுதான் புத்தி. கியர் உள்ள மலைச் சைக்கிளில் கதை வேறு. செயினை மிகச் சிறிய பற்சக்கரத்துக்கு மாற்றிவிட்டுச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்தால், பின் சில்லு ஓரிரு நிமிடத்தில் கையில் வந்துவிடும்.

மூன்றாம் படியை ஒரு கலையாகவே வளர்த்தவர்கள் யப்பானியர். அங்கே அதற்கு ரின்கோ என்று பெயர். யப்பானிய ரயில்களில் பெரும்பாலும் சைக்கிளை முழுதாக ஏற்ற விடமாட்டார்கள். கழற்றிப் பையில் போட்டு முற்றாக மூடினால் அது கைச்சாமான் ஆகிவிடும். நீளம், அகலம், உயரம் மூன்றின் கூட்டுத்தொகை 250 சென்ரிமீற்றருக்குள், எந்தப் பக்கமும் 2 மீற்றரைத் தாண்டாமல், பாரம் 30 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. முழுச் சைக்கிளின் கூட்டுத்தொகை 350, மூன்றாம் படியில் 220. மட்கார்ட் சிக்கலை அவர்கள் தீர்த்த விதம் குறிப்பிடத்தக்கது. ரின்கோவுக்கென்றே செய்யப்படும் பயணச் சைக்கிள்களில் பின் மட்கார்ட் நடுவில் இரண்டாக வெட்டப்பட்டு ஒற்றைத் திருகால் இணைக்கப்பட்டிருக்கும். திருகைக் கழற்றினால் பின்பாதி தனியே வந்துவிடும். சிலவற்றில் முன் போர்க்கையும் தலைக்குழாயிலிருந்து உருவி எடுக்கிறார்கள். ஊரிலுள்ள எந்த ஒட்டுக் கடையிலும் இந்த வெட்டு மட்கார்ட்டைச் செய்வித்துவிடலாம் என்பதால், யாழ்ப்பாணத்துச் சைக்கிளுக்கு யப்பானிலிருந்து கடன் வாங்கத்தக்க முதல் யோசனை இதுவே.

சில்லுகள் கழன்ற சட்டகம் தோற்றத்தில் பலமாக இருந்தாலும் இரண்டு இடங்களில் மெலிந்தது. முன் போர்க்கின் நுனிகளும் பின் சட்டகத்தின் நுனிகளும் அச்சு நடுவில் இருக்கும்போதுதான் விறைத்து நிற்கின்றன. அச்சு இல்லாமல் மேலே ஒரு மூட்டை விழுந்தால் உள்நோக்கி வளையும். பிறகு சில்லு நேராகப் பூட்டுப்படாது. மலைச் சைக்கிளில் இந்த இடைவெளி முன்னால் பொதுவாக 100 மில்லிமீற்றர், பின்னால் 135. பழைய ஹப் ஒன்றை அச்சோடும் நட்டோடும் அங்கே பூட்டிவிட்டால் போதும். சைக்கிள் திருத்தும் கடைகளின் மூலையில் இவை குவிந்து கிடக்கும். டிஸ்க் பிறேக் உள்ள சைக்கிளானால், சில்லு கழன்றிருக்கும்போது பிறேக் பிடியை அழுத்திவிடக்கூடாது. எண்ணெய் அமுக்கத்தில் இயங்கும் வகையில் கட்டைகள் இரண்டும் ஒட்டிக்கொண்டு, தட்டு உள்ளே போக இடமில்லாமல் செய்துவிடும். தடித்த மட்டைத்துண்டு ஒன்றை நடுவில் செருகிவைப்பது வழக்கம்.

கட்டுவதற்குச் சந்தையில் விற்கும் பட்டிகளைவிடப் பழைய ரியூப்பை நீளவாக்கில் வெட்டிய வார் மேலானது. அது இழுபடும், வழுக்காது, பெயின்றைச் சுரண்டாது, செலவுமில்லை. சில்லுகளைச் சட்டகத்தின் இரு பக்கமும் வைக்கும்போது ஹப்பின் அச்சுகள் ஒன்றோடொன்று நேருக்கு நேர் வராமல், சட்டகத்தின் வெற்று முக்கோணங்களுக்குள் தள்ளி வைக்க வேண்டும். தடிப்பை 45லிருந்து 35க்குக் குறைப்பது இந்தச் சிறு இடப்பெயர்ச்சிதான். செயின் இருக்கும் பக்கத்தை வெளியே காட்டாமல் துணியால் சுற்றிவிட வேண்டும். செயின் எண்ணெய் பக்கத்திலிருப்பவரின் வெள்ளை வேட்டியில் பட்டால் அடுத்த முறை கொண்டக்டர் ஏற்ற மாட்டார். முழுவதையும் மூட, தறப்பாள் துண்டோ உரப்பைகளைப் பிரித்துத் தைத்த உறையோ போதும். மூடிய பொதியைச் சாமான் என்றும் மூடாத சைக்கிளைச் சைக்கிள் என்றும் பார்ப்பது யப்பானிய ரயில் அதிகாரிகளின் வழக்கம் மட்டுமல்ல.

தூக்கும் வசதியையும் கட்டும்போதே யோசிக்க வேண்டும். தோள்பட்டியின் ஒரு முனை கிராங்க் இருக்கும் அடிக்குழாயிலும் மறுமுனை தலைக்குழாயிலும் கட்டப்பட்டால், பாரத்தின் மையம் பட்டிக்குக் கீழே விழுந்து பொதி சரியாது தொங்கும். மாணவிகள் பரவலாகப் பயன்படுத்தும் லேடீஸ் சைக்கிளுக்கு மேல்பார் இல்லாததால் அதைத் தோளில் கொளுவ முடியாது, பட்டி கட்டாயம். 20 கிலோவை ரயில் நிலைய மேடை நீளத்துக்குத் தூக்குவது எவருக்கும் இன்பமான காரியமல்ல. ரயில் நிற்கும் இடம்வரை சைக்கிளை உருட்டிப்போய்க் கடைசி இடத்தில் கழற்றுவது நல்லது.

எந்தப் படிவரை போவது என்பதை வாகனம் தீர்மானிக்கிறது. நெடுந்தூர பஸ்ஸின் டிக்கி வண்டியின் முழு அகலத்துக்கும் ஓடினால், ஏறக்குறைய 2.5 மீற்றர் இடம் உண்டு. முதற் படிச் சைக்கிள் அதற்குள் குறுக்கே படுக்கும், 25 சென்ரிமீற்றர் உயரமே பிடிக்கும். செயின் பக்கம் மேலே பார்த்திருக்க வேண்டும், மேலே மூட்டை அடுக்கக்கூடாது. ஆகவே மற்றவர்களின் சாமான் ஏறிய பிறகு கடைசியாக ஏற்றுவதே முறை. உள்ளூர் மினிபஸ்ஸில் பின்சீற்றுக்குப் பின்னால் இருக்கும் சிறு இடத்துக்கு மூன்றாம் படி தவிர வேறெதுவும் பொருந்தாது. காலையில் பாடசாலைக்கும் கந்தோருக்கும் போகும் நேரத்தில் அதுவும் பொருந்தாது. ரயிலில் கழற்றிய பொதியைச் செங்குத்தாக, பின் அச்சுப் பக்கம் கீழே இருக்கும்படி நிறுத்தினால் 75க்கு 35 என்ற அளவு நிலமே போதும். சுன்னாகத்திலோ கொடிகாமத்திலோ ஓரிரு நிமிடம் மட்டும் நிற்கும் ரயிலில், கதவுக்கு அருகே நிறுத்துவதும் வழியை மறிக்காமல் நிறுத்துவதும் ஒன்றுக்கொன்று முரணான தேவைகள். பெட்டியின் நடுவில் வழிக்கு எதிர்ப்பக்கக் கதவோரம் பெரும்பாலும் இரண்டையும் நிறைவு செய்யும். எந்த நிலையத்தில் எந்தப் பக்கம் மேடை என்பது மட்டும் முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டும்.

படகுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில் ஓடும் ‘பாதை’ எனப்படும் மிதவையில் சைக்கிளை உருட்டிக்கொண்டே ஏறலாம். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கு ஓடும் குமுதினி, வடதாரகை போன்ற படகுகளிலும் சைக்கிள் முழுதாகவே ஏறுகிறது. படகில் தட்டுப்பாடானது இடமல்ல, அசைவில்லாத இடம். கழற்றிய பாகங்கள் தளத்தில் உருண்டு திரிவதைவிட, முழுச் சைக்கிளைக் கைபிடிக் கம்பியோடு இரண்டு இடத்தில் வரிந்து கட்டுவது பாதுகாப்பு. ஹாண்டிலைத் திருப்பி வைத்தால் ஒடுங்கிய நடைபலகையில் ஆட்களின் இடுப்பில் இடிக்காமல் ஏற்றலாம். திரும்பி வந்ததும் செயினையும் நட்டுகளையும் நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்து எண்ணெய் விட வேண்டும். காய்ந்த உப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சி உருக்கின்மேல் மெல்லிய நீர்ப்படலத்தை வைத்திருக்கும். துரு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

கழற்றும் வேலையைக் குறைக்க உலகில் வேறு வழிகளும் தேடப்பட்டிருக்கின்றன. இரண்டாம் உலகப் போரில் பராசூட் படையினருக்காக பீ.எஸ்.ஏ. நிறுவனம் சட்டகத்தின் நடுவில் கையால் திருகும் நட்டு வைத்து மடித்த சைக்கிளைச் செய்தது. அமெரிக்காவில் எஸ் அண்ட் எஸ் என்ற பெயரில் வரும் துருப்பிடியா உருக்கு இணைப்பிகள், சாதாரண சட்டகத்தின் குழாய்களை வெட்டிப் பொருத்தப்படுகின்றன. சைக்கிள் இரண்டாகப் பிரிந்து 26 அங்குலச் சதுரமும் 10 அங்குலத் தடிப்பும் உள்ள பெட்டிக்குள் போய், விமானக் கம்பனிகளின் 62 அங்குலக் கூட்டுத்தொகைக்குச் சரியாக ஒத்துவரும். ஊரில் அதற்கான செலவில் நாலைந்து சைக்கிள் வாங்கலாம். 1970களின் நடுவில் லண்டனில் அன்ட்ரூ ரிச்சி வடிவமைத்த பிரொம்ப்டன் மடிந்தால் 58, 56, 27 சென்ரிமீற்றர், 0.09 கனமீற்றர்தான். மூன்றாம் படிச் சைக்கிளின் மூன்றில் ஒன்றுக்கும் குறைவு. இந்த வேறுபாட்டைத் தருவது கீலைவிட அதன் 16 அங்குலச் சில்லு. 28 அங்குலச் சில்லின் ரயரோடு சேர்ந்த விட்டம் 71 சென்ரிமீற்றர். அதை மடிக்க முடியாதவரை எந்தப் பொதியின் நீளமும் உயரமும் 71க்குக் கீழே போகாது. சிறு சில்லுக்கு வேறொரு விலை உண்டு. குழியும் குன்றுமான ஒழுங்கைகளில் அது பள்ளத்துக்குள் ஆழமாக இறங்கும், பெரிய சில்லு அதன்மேல் கடந்துபோகும். சைக்கிளைச் சுருக்காமல் பஸ்ஸை மாற்றியவர்களும் உண்டு. சியாட்டில் நகர பஸ்களின் முன்புறத்தில் 1990களில் பூட்டப்பட்ட சைக்கிள் தாங்கிகள் வட அமெரிக்கா முழுவதும் பரவின. யாழ்ப்பாணத்து மினிபஸ் உரிமையாளர் ஒருவர் பழைய கூரைக் கரியரை மீண்டும் பூட்டினாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். ஆனால் பஸ்ஸின் உயரமும் கூரையில் ஏறும் ஆளின் பாதுகாப்பும் இன்று முன்னைப்போல் பாராமல் விடப்படுவதில்லை.

திரும்பப் பூட்டும் வரிசை கழற்றிய வரிசைக்கு நேர்த் தலைகீழ். பின் சில்லு முதலில் வரும். கியர் இல்லாத சைக்கிளில் அச்சைப் பின்னுக்கு இழுத்து, செயினின் நடுவில் விரலால் அழுத்தினால் ஒரு சென்ரிமீற்றர் அளவு தாழும்படி வைத்து நட்டை இறுக்க வேண்டும். முன் சில்லைப் பூட்டும்போது சைக்கிளை நிமிர்த்தி நிறுத்தி, அச்சு போர்க்கின் பிளவில் இரு பக்கமும் முட்டும்படி அழுத்திய பிறகே நட்டை இறுக்கலாம். கவிழ்த்து வைத்து இறுக்கினால் சில்லு சாய்ந்து நிற்க இடமுண்டு. பெடல்களை முதல் நான்கைந்து சுற்றுக் கையாலேயே திருக வேண்டும். கைக்கு இறுக்கமாக வந்தால் வலதும் இடதும் மாறியிருக்கிறது, ஸ்பனரால் வலுக்கட்டாயப்படுத்தினால் கிராங்கின் புரி அழிந்துவிடும். முன் சில்லை முழங்கால்களுக்கிடையில் நெருக்கிப் பிடித்து ஹாண்டிலை இருபக்கமும் முறுக்கிப் பார்த்து, அது வழுகாவிட்டால் கழுத்துப் போல்ட்டின் இறுக்கம் போதும். பிறகு பிறேக் இரண்டையும் தனித்தனியே பிடித்துச் சைக்கிளை முன்னே தள்ளிப் பார்க்க வேண்டும். கழற்றும்போது விடுவித்த கேபிளையோ இலாடக் கம்பியையோ பூட்ட மறந்திருந்தால் தெரியவரும் இடம் இதுதான்.